கலப்பதற்கு முன்

அவன் ஏன் உடனே சரியென்று சொன்னான் என்பதுதான் ராக்கியண்ணனுக்கு இன்னும் பிடிபடவில்லை. எதிரே ஆய்வகச் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான் கிருபாகரன், தீவனக் கம்பெனியின் தரப் பிரிவு மேலாளர். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்களில் கவலை இல்லை. இருந்திருக்க வேண்டும். இவர்கள் கம்பெனி அனுப்பிய தீவனத்தைத் தின்றுதான் ஊரில் மாடுகள் செத்தன. புண்ணாக்கைக் குறைத்துவிட்டு யூரியாவைக் கூட்டினால் சத்துக் கணக்கு காகிதத்தில் அழகாக வந்துவிடும், மாட்டின் வயிற்றுக்குக் காகிதம் படிக்கத் தெரியாது. கம்பெனி இல்லவே இல்லையென்றது. பால் சங்கத்துப் பெண்கள் வெறும் கேன்களோடு கம்பெனி வாசலில் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் போட்டாயிற்று: தீவனம் வாங்கிய எல்லா வீட்டு மூட்டையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அரைத்து, யூரியா எவ்வளவு என்று ஆய்வகம் ஒரே எண் சொல்லும். அந்த எண் அனுமதித்த அளவைத் தாண்டினால் கம்பெனி எல்லாருக்கும் நஷ்டஈடு தரும். தாண்டாவிட்டால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பேசாமல் போக வேண்டும். கலந்துதான் பார்க்க வேண்டும் என்பது ராக்கியண்ணன் வைத்த கோரிக்கை. அதற்காகத் தொண்டை கிழியப் பேசத் தயாராகப் போயிருந்தார். கிருபாகரன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சரிங்ணா, நீங்க சொன்னபடியே வச்சுக்கலாம்" என்றான். எல்லாம் ஒரே நாளில் ஒரே கலவையில் போட்ட மூட்டைகள் என்பதையும் எழுதிக்கொள்ளலாம் என்று அவனாகவே சேர்த்துக்கொண்டான். பஞ்சாலைக் காலத்திலிருந்து இன்றுவரை எந்த நிர்வாகமும் ராக்கியண்ணனிடம் முதல் தடவையிலேயே சரியென்று சொன்னதில்லை. எதிரி ஒப்புக்கொண்டால் எழுதியதை இன்னொரு முறை படி என்று அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். படித்தார். நேற்றும் படித்தார், காலையில் பேருந்திலும் படித்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் எங்கே இருக்கிறது.

அரவை இயந்திரம் திடீரென்று கத்தியது. பிரமீளா என்ற அந்தப் பெண், ஆய்வகத்துக்காரி, வெறும் கோதுமைத் தவிட்டை உள்ளே போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். போன தடவை அரைத்ததன் மிச்சம் உள்ளே ஒட்டியிருக்குமாம், அதைத் தவிடு துடைத்துக்கொண்டு வருமாம். வந்ததைக் கீழே கொட்டினாள், பிரஷ்ஷால் பற்களைத் தேய்த்தாள், மறுபடி தவிடு போட்டாள். நல்லது. இந்த அளவு சுத்தத்தை ராக்கியண்ணன் மதிப்பார். அவர் சுத்தமாக வேலை செய்கிறவர்களை எங்கே பார்த்தாலும் மதிப்பார், முதலாளியின் பணத்துக்குச் செய்தாலும்கூட. மின்விசிறியை நிறுத்திவிட்டிருந்தாள். "காத்துல பறக்கிறது தூள்தான் சார். தூள் தனியாப் போயிட்டா மிச்சம் இருக்கிறது வேற சரக்கு ஆயிடும்" என்றாள். வேர்வை கழுத்தில் இறங்கியது. அறையில் வெல்லப்பாகும் பருத்திக்கொட்டையும் சேர்ந்த வாசம், அடியில் மூக்கைக் குத்துகிற வேறொன்று. அது யூரியாவாக இருக்கலாம். தான் அப்படி நினைக்க விரும்புவதால் குத்துகிறதோ என்றும் இருந்தது. பஞ்சு பிரிக்கிற கூடத்திலும் இப்படித்தான் விசிறி கிடையாது, பஞ்சு பறக்குமென்று. அங்கே சரக்கைக் காப்பாற்றினார்கள், மூச்சை யாரும் காப்பாற்றவில்லை. இப்போது படியேறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. அதற்கும் ஓர் எண் உண்டு. ஊதச் சொல்லி, குழாயில் ஏறுகிற அளவைப் பார்த்து, இவ்வளவுக்குக் கீழே என்றால் தொழில் நோய், மேலே என்றால் பீடி என்று எழுதுவார்கள். அவர் ஒருநாளும் பீடி குடித்ததில்லை. அவர் ஊதியது அந்த அளவுக்குச் சற்று மேலே நின்றது. டாக்டர் இன்னொரு தடவை ஊதச் சொல்லவில்லை.

அதனால்தான் காலையில் வந்தவுடன் அந்தப் பெண் கூட்டல் கழித்தல் என்று ஆரம்பித்தபோது அவருக்குச் சுரீரென்றது. "நாங்க தர்ற எண்ணுக்குப் பக்கத்துல ஒரு கூட்டல் கழித்தல் இருக்கும் சார். நிஜமான அளவு அதுக்குள்ள எங்கயாவது இருக்கும்." எங்கேயாவது என்றால்? "அம்மிணி, கூலி இவ்வளவுன்னு சொல்லிட்டு, கூட்டல் கழித்தல் இவ்வளவுன்னு குடுத்தா வாங்குவியா?" அவள் சிரித்தாள். வாங்க மாட்டேன் என்றாள். "ஆனா மெஷின்ல வர்ற வித்தியாசம் கம்மிதான் சார். மூட்டையில எங்க கைய விட்டு அள்ளுனீங்க, கலக்கும்போது எது மேல வந்துச்சு, எது அடியில தங்குச்சு, பெரிய வித்தியாசமெல்லாம் அங்கதான். நான் கடைசியில எடுத்துப் பாக்கப் போறது ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகை உங்க ஊர் மூட்டை எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்." ஒரு சிட்டிகை ஊருக்காகப் பேச வேண்டும். பிரதிநிதி. ராக்கியண்ணனுக்கு அந்த நேரத்தில் அது பிடித்துத்தான் இருந்தது. ஒருவன் எல்லாருக்குமாகப் பேசுவது அவருக்குத் தெரிந்த வேலை. பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லா மோசடியும் நடக்கும் என்பதும் தெரிந்த விஷயம், அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கை அசைவையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் மோசடிக்காரி இல்லை. கிருபாகரன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அப்படியிருந்தும் நெருடுகிறது. சரிங்ணா. நீங்க சொன்னபடியே.

தவறு எதுவும் கோரிக்கையில் இருக்க முடியாது. அந்தக் கோரிக்கை புத்தகத்தில் பார்த்து எழுதியதில்லை, பட்டு எழுதியது. ஆலையில் ஒருநாள் மேலாளர் அறைக் கண்ணாடி உடைந்தது. எறிந்தவன் யாரென்று சொல்லுங்கள், மற்றவர்கள் வேலைக்குப் போகலாம் என்றது நிர்வாகம். வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எறிந்தவன் யாரென்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: நாங்கள்தான். கடைசி ஆள்வரை நாங்கள்தான். எல்லாரையும் வெளியே தள்ளினார்கள், பிறகு எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள், ஏனென்றால் நூல் நூற்கிற கதிர் தானாக ஓடாது. ராக்கியண்ணன் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது அந்த வாரத்துத் துண்டறிக்கையில்தான், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற அச்செழுத்துகள், ஒன்றாய் நின்றோம் என்ற முதல் வரி. அதன் பிறகு ஆலை மூடப்படுகிற காலத்தில் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினார்கள். அங்கே எல்லாம் போயிற்று. தலைவர்கள் என்று இருந்தவர்கள் மேடைக்கும் மாலைக்கும் போனார்கள், இவர் மாட்டுத் தொழுவத்துக்கு வந்தார், பால்காரப் பெண்களுக்குச் சங்கம் கட்டினார், மாலை எதுவும் விழவில்லை. விழாததில் அவருக்குப் பெருமை. ஆகவே இந்தத் தீவனத் தகராறில் கம்பெனி ஆள் வீடு வீடாகப் போய், உங்க மாடு நல்லாத்தானே இருக்கு, உங்களுக்கென்ன என்று கேட்க ஆரம்பித்ததும் ராக்கியண்ணனுக்கு வேறு எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பால் சங்கக் கட்டடத்தில் பெண்களை உட்கார வைத்துச் சொன்னார்: செத்த மாட்டுக்காரி, பிழைத்த மாட்டுக்காரி என்று இரண்டு வரிசை கிடையாது. எல்லா வீட்டிலிருந்தும் ஒரு படி. எல்லாம் ஒரே குவியல். யார் மூட்டை என்று கேட்டால் எங்கள் மூட்டை. தவமணி என்ற பெண், அவள் மாடு சாகவில்லை, தயங்கத்தான் செய்தாள், பிறகு எல்லாருக்கும் முன்னால் போய் ஒரு படி கொண்டுவந்தாள். அன்றைக்கு ராக்கியண்ணனுக்கு இளமை திரும்பியது போலிருந்தது.

இப்போது அந்தப் பைகள் மேஜை மேல் வரிசையாக நின்றன. பெண்கள் ஒவ்வொருத்தியும் தன் பழைய சேலையில் கிழித்த துணியால் வாயைக் கட்டி, பெயரெழுதிய அட்டையைச் செருகியிருந்தார்கள். குவியலில் போய்ச் சேரப்போகிற பைக்கு எதற்குப் பெயர் என்று அவர் கேட்டபோது, பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் கல்யாண வீட்டுக்குக் கொடுப்போமா என்று சிரித்தார்கள். பிரமீளா ஒவ்வொரு பையாக அவிழ்த்து ஒவ்வொரு எவர்சில்வர் தட்டில் கொட்டி எடை போட்டாள். எல்லாம் சம எடையாக எடுத்த பிறகே ஒன்றாகக் கொட்ட வேண்டுமாம். கொட்டி, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்கு கூறாக வகுத்து, எதிரெதிர் கூறுகளை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மறுபடி குவித்து, இப்படியே குறைத்துக்கொண்டு போய் அரைப்பாளாம். பாவாயியின் பை. ஊதாச் சேலைத் துணி. பாவாயி வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவர்தான் இருக்கலாமென்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இருந்தது செத்துப்போன அந்த ஒரு மாடுதான். அவள் வீட்டில் மேயப் போகிற மாடு இல்லை, கட்டிப்போட்டுத் தீவனம் வைக்கிற மாடு. அன்று சாயங்காலம் தீவனம் வைத்துவிட்டுப் பால் கேனைக் கழுவப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது மாடு நடுங்கிக்கொண்டு நின்றது. வயிறு உருண்டு, வாயில் நுரை. கழுத்தை வளைத்துத் தன் விலாவைப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். மாட்டு டாக்டருக்குப் போன் போட்டு அவர் வண்டியை எடுப்பதற்குள் விழுந்துவிட்டது. ராக்கியண்ணன் போனபோது கன்று அதன் மடியை முட்டிக்கொண்டிருந்தது, யாரும் அதை இழுத்துக் கட்டத் துணியவில்லை, அவர்தான் கட்டினார். எண் தாண்டாவிட்டால் பாவாயியின் கவனக்குறைவு என்று ஆகும். கம்பெனி அப்படித்தான் எழுதியிருந்தது, தீனி வைத்த முறையில் கோளாறு என்று. மாட்டைக் கொன்றவள் என்று அவளைச் சொல்வதற்கு அது மரியாதையான தமிழ்.

"கட்டி இருக்கு" என்றாள் பிரமீளா. ராக்கியண்ணன் நிமிர்ந்தார். ஒரு தட்டில், பழுப்புத் தூளுக்கு நடுவில், எலுமிச்சங்காய் அளவுக்கு ஒன்று கிடந்தது. மேலே தவிடு ஒட்டியிருந்தது, உடைந்த ஒரு மூலையில் வெள்ளை தெரிந்தது. "யாருதுங்க அது?" அட்டையைத் திருப்பிப் பார்த்து "தவமணி" என்றாள். தவமணியா. தவமணியின் மாடு நேற்றுக்கூட வழக்கம்போலப் பால் கொடுத்தது. கிருபாகரன் முதன்முறையாக நாற்காலியை விட்டு எழுந்தான். "உடைச்சுத்தானே போடணும் மேடம்" என்றான், சாதாரணமாக. "ஆமா, கட்டிய அப்படியே விட்டா கூறு போடும்போது ஒரு பக்கம் போயிடும். இடிச்சுத் தூளாக்கிக் கலந்துடணும்" என்று அவள் சின்ன உரலையும் அதன் உலக்கையையும் எடுத்தாள். இடித்து, கலந்து. இத்தனை தட்டுத் தீவனத்தில் அந்த வெள்ளை எங்கே போகும். எங்கும் போகும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம், யாருக்கும் உறைக்காத அளவு. ராக்கியண்ணனின் வாயில் எங்கிருந்தோ உப்புக் கரித்தது. வேலைநிறுத்தக் கஞ்சி. ஆலை வாசலில் அண்டா வைத்துக் காய்ச்சினார்கள், அவசரத்தில் கல்லுப்பைக் கொட்டிச் சரியாகக் கிண்டாமல் ஊற்றிவிட்டார்கள், கூட வேலை பார்த்த சுப்புராயன் குடித்த மடக்கில் உப்புக் கட்டி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான். சமைத்தவன் சத்தியம் பண்ணினான், அண்டாவுக்கு அளந்துதான் போட்டேன், வேண்டுமானால் கிண்டிவிட்டு ருசி பார். கிண்டிப் பார்த்தார்கள். உப்பு சரியாகத்தான் இருந்தது. எல்லாரும் சுப்புராயனைத்தான் கேலி பண்ணினார்கள், வீட்டில் உப்பில்லாமல் தின்றே பழகிவிட்டான் என்று. அண்டாவுக்குச் சரி. சுப்புராயனுக்கு? ராக்கியண்ணன் எழுந்து நின்றுவிட்டார். கம்பெனி யூரியாவை அளவுக்கு மீறிப் போட்டிருக்கவில்லை. அளந்துதான் போட்டிருக்கிறார்கள், சட்டம் சொன்ன அளவுக்கு உள்ளேதான், அதனால்தான் இந்தக் கண்களில் கவலை இல்லை. கட்டி தட்டிய யூரியாவை உடைக்காமல், நேரம் எடுத்துச் சுழற்றாமல், அவசரத்தில் மூட்டை பிடித்திருக்கிறார்கள். கலக்கவில்லை. கம்பெனி செய்யத் தவறியது ஒன்றே ஒன்று, கலப்பது. அதை இப்போது கம்பெனிக்காக இந்த மேஜையில் செய்து முடிக்கச் சொல்லிக் கோரிக்கை வைத்திருப்பவர் யார்.

"அம்மிணி, கொஞ்சம் நிறுத்து" என்றார். உலக்கை அந்தரத்தில் நின்றது. கிருபாகரன் அவரைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தான். நினைத்தது சரிதான் என்பதற்கு அது போதும். ஆனால் நிறுத்திவிட்டு என்ன சொல்வது. தனித்தனியாகப் பார் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை நாக்கில் வரவில்லை. தனித்தனி. முதலாளிகளின் வார்த்தை அது, ஆயுள் முழுக்கக் காறித் துப்பிய வார்த்தை. சரி, துப்பிய வாயாலேயே சொன்னதாக வைத்துக்கொள், தனித்தனியாகப் பார்த்தால் என்ன வரும்? தவமணியின் தட்டு எகிறும். தவமணியின் மாடு உயிரோடு இருக்கிறது, அவளுக்கு நஷ்டமே இல்லை. பாவாயியின் தட்டு? அவர் பார்த்தார். ஊதாத் துணி கிடந்த தட்டில் தூள் ஒரே பழுப்பாக, நொய்யாக, குற்றமில்லாமல் கிடந்தது. அது அப்படித்தான் இருக்கும். அவள் மூட்டையில் இருந்த கட்டியைத்தான் மாடு தின்றுவிட்டதே. செத்த மாட்டு மூட்டையில் விஷம் மிச்சமிருக்காது, மிச்சமிருந்தால் மாடு மிச்சமிருந்திருக்கும். அப்படியானால் கலந்தால் எல்லாரும் தோற்பார்கள், கலக்காவிட்டால் பாவாயி மட்டும் தோற்பாள். ஒருத்தியை விட்டுக்கொடுத்து மற்றவர்களை, இல்லை, மற்றவர்களுக்கும்கூட என்ன கிடைக்கப் போகிறது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு விசிலடித்தது. குழாயில் ஏறிய அளவு, சற்று மேலே. இன்னொரு தடவை ஊதியிருந்தால் கீழே வந்திருக்கும், மூன்றாம் தடவை வேறெங்காவது, அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்திருந்தால் ஏதோ கோளாறு என்று அந்த டாக்டருக்கே தெரிந்திருக்கும், ஒரே தடவை ஊதச் சொன்னதில்தான் அவன் பிழைத்தான். ஏற்ற இறக்கம். தவமணியின் தட்டு எகிறி, பாவாயியின் தட்டில் ஒன்றுமேயில்லாமல் வந்தால்? ஒரே நாளில் ஒரே கலவையில் போட்ட மூட்டைகள் என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஒரே கலவையில் ஒரு மூட்டை வெறுமையாகவும் ஒரு மூட்டை நஞ்சாகவும் இருந்தால் அதற்குப் பெயர் கலவையில்லை. எண் பெரிதா சிறிதா என்பது கேள்வியே இல்லை. எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி. "அம்மிணி, தட்டு தட்டா அரைச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனியா எண் தர முடியுமா?" பிரமீளா உலக்கையைக் கீழே வைத்தாள். "முடியும். ஒவ்வொரு தடவையும் மெஷினைக் கழுவணும், நாள் பூரா ஆகும். எண்ணுக்கு எண் எவ்வளவு விலகுதுன்னும் எழுதித் தருவேன். விலகல் எங்க கை பிசகால வந்ததா, சரக்கே அப்படியான்னு பிரிச்சும் சொல்ல முடியும். தீர்ப்பு மட்டும் நான் சொல்ல மாட்டேன் சார், அது என் வேலையில்ல. ஆனா உங்க ஒப்பந்தம் கலக்கச் சொல்லுது. நான் கலக்காம இருக்கணும்னா, கலக்குறதுக்கு முன்னாடி யாராவது ஒரு தரப்பு எழுத்துல ஆட்சேபம் குடுக்கணும். கலந்துட்டா அப்புறம் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது."

ஆட்சேபம் எழுதுவதற்கு முன்னால் அவர் வெளியே போனார். போகாமலும் எழுதியிருக்கலாம், அதிகாரம் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பாவாயியைக் கேட்காமல் அவள் தட்டைத் தனியாக நகர்த்தினால், ஆலையில் தனித்தனியாகக் கூப்பிட்டவர்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம். படிக்கட்டில் பாவாயி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். "முடிஞ்சுதுங்களாண்ணா?" என்றாள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றார். "காலையில போனவங்க இன்னும் ஆரம்பிக்கலீன்னா, உள்ள என்ன பண்றீங்? எனக்குக் கன்னுக்குப் புட்டிப்பால் குடுக்க நேரமாவுதுங்." அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார், மூச்சு வாங்கியது. சொன்னார். கலந்தால் கம்பெனி தப்பிக்கும் என்று சொன்னார். பை பையாகப் பார்க்க வேண்டும் என்றார். அவள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். "எல்லாம் ஒண்ணாத்தான்னு சொன்னதாருங்? நீங்கதானுங். என்னோட மாடு செத்தப்ப, தனியா நிக்காத பாவாயின்னு சொன்னதும் நீங்கதானுங். இப்ப என்ற பைய மட்டும் தனியா எடுத்து வைக்கோணும்ங்கறீங்." எல்லார் பையையும்தான் என்றார். "அது செரி. என்ற பையில ஒண்ணுமில்லீன்னு வந்துச்சுன்னா?" அவர் மறைக்கவில்லை. "வரும்னுதான் நினைக்கறேன்." பாவாயி அவர் முகத்தையே பார்த்தாள். "வந்தா, நான் பொய் சொன்னவளாயிருவனேங்." இல்லை என்றார். தவமணி பையில் கட்டி கிடப்பதைச் சொன்னார். அவள் மூட்டையிலும் அப்படி ஒன்று கிடந்திருக்கும், அது மாட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது, ஒரே சரக்கு ஒரு பையில் நஞ்சும் ஒரு பையில் ஒன்றுமில்லாமலும் இருப்பதுதான் இனி சாட்சி என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது மெலிதாகக் கேட்டது. கூட்டத்தில் கைதட்டல் வாங்குகிற வாதம் இல்லை இது. துண்டறிக்கையில் போட்டால் யாரும் இரண்டாம் வரிக்குப் போக மாட்டார்கள். ஜெயிக்குமா என்று அவள் கேட்டாள். "தெரியாது பாவாயி. கலந்தா தோக்கறது மட்டும் தெரியும்." அவள் செருப்பை இழுத்துக் காலில் மாட்டிக்கொண்டாள். "பாதி புரியலீங்ணா. ஆனா நீங்க ஆளைச் சமாளிக்கப் பேசுனா கைய ஆட்டி ஆட்டிப் பேசுவீங். இப்ப ரெண்டு கையும் மடியிலயே கெடக்குது. போய் எழுதிக் குடுங். ஊர்ல மத்தவங்களுக்கு நீங்களே சொல்லிக்கோங், நான் சொல்ல மாட்டேன். தவமணிகிட்ட மட்டும் நான் போன்ல சொல்லிப்போடறேன், அந்த மூட்டைய மாட்டுக்கு வைக்காதயின்னு." தவமணியின் மூட்டை இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போராட்டம் முடிகிறவரை தீவனத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்தான். தவமணி வேறு எதை வைப்பாள், பச்சைப்புல் விற்கிற விலையில்.

உள்ளே பிரமீளா ஒரு தாளும் பேனாவும் தயாராக வைத்திருந்தாள். இப்படிக்கு என்று முடிகிற எத்தனை தாள்கள் எழுதியிருப்பார், மாவட்ட ஆட்சியருக்கு, தொழிலாளர் ஆணையருக்கு, அமைச்சருக்கு, எல்லாம் எதிராளியின் செயலை ஆட்சேபித்து. இதில் யாரை ஆட்சேபிப்பது. எழுதினார்: பால் உற்பத்தியாளர் சங்கமாகிய நாங்கள், எல்லா மாதிரிகளையும் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்று நாங்கள் வைத்த கோரிக்கையை ஆட்சேபிக்கிறோம். எழுத்து கோணல்மாணலாக வந்தது, முகத்தில் வேர்வை, முகமூடிக்குள் தன் மூச்சே சூடாகத் திரும்பி வந்தது. வேண்டுமானால் வார்த்தையை வளைத்திருக்கலாம். சூழ்நிலை மாறியதைக் கருத்தில் கொண்டு என்று எழுதத் தெரியாதவரா அவர். தலைவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். அவர் வளைக்கவில்லை. கிருபாகரன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "உங்க கோரிக்கையை நீங்களே எதுக்கறீங்களாண்ணா? ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?" என்றான். "சிரிப்பாங்க தம்பி" என்றார், கையெழுத்துப் போட்டார். தாண்டினால், தாண்டாவிட்டால் என்று ஒப்பந்தத்தில் ஒரே எண்ணுக்குத்தான் வழியிருக்கிறது, பல எண்களுக்கு இல்லை, கம்பெனி கோர்ட்டுக்குப் போகும் என்றான். போகட்டும் என்றார். போனால் எத்தனை வருஷம் என்று இருவருக்கும் தெரியும். பிரமீளா தாளை வாங்கி நேரம் குறித்து முத்திரை குத்தினாள். கட்டியை இடிக்கவில்லை. கட்டியோடு கிடந்த தட்டைப் படமெடுத்து, தனியே மூடி வைத்துவிட்டு, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள். ராக்கியண்ணன் ஊதாத் துணி கிடந்த தட்டைக் காட்டினார். அவள் மறுபடி தவிட்டைப் போட்டு ஓட்டி, பற்களைத் தேய்த்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை குனிந்து பார்த்தாள். காலையில் அவர் இந்த அறைக்குள் வந்தது ஒரு பெரிய எண்ணுக்காக. இப்போது அந்த உலோக வாய்க்குள் முந்தைய அரவையின் ஒரு துகள்கூட ஒட்டியிருக்கக் கூடாதே என்று அவருக்குப் பதறியது. கிருபாகரன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான், இப்போது காலை ஆட்டிக்கொண்டிருந்தான். "செத்த மாட்டுக்காரம்மா பை சுத்தமா வந்துச்சுன்னா, அந்தம்மாகிட்ட என்னண்ணா சொல்லுவீங்க?" இயந்திரம் கத்தத் தொடங்கியது, அவர் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "சுத்தமாத்தான் வரணும்."